வன்னியும் வெண்திரையும்: கமராவுக்குப் பின்னால் நின்ற பெண்கள்

மின்சாரம் துண்டிக்கப்பட்டு, மண்ணெண்ணெயும் பற்றரியும் வவுனியாவைத் தாண்டி வடக்கே வருவதற்குத் தடை விதிக்கப்பட்டிருந்த தொண்ணூறுகளிலே, சாமத்திய வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் தொலைக்காட்சிப் பெட்டியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றரின் இரைச்சலுக்கு மேலாக வசனம் கேட்கும்படி ஒலியை உயர்த்தி வைத்து, விடிய விடிய மூன்று நான்கு படங்களைப் போட்டுப் பார்த்த வன்னிக் கிராமங்களின் வழக்கத்தைச் சென்ற அத்தியாயத்தில் விவரித்தோம். அந்த முற்றங்களிலே பாய் விரித்து, மடியில் குழந்தையைக் கிடத்திக்கொண்டு, கடைசிப் படம் முடியும்வரை கண்ணயராது பார்த்திருந்தோரில் பெண்களே அதிகம். ஆயினும் அவர்கள் கண்டு கண்ணீர் சிந்திய தாய்மாரையும் காதலியரையும் விதவைகளையும் திரையில் சிருஷ்டித்தோர் ஏறக்குறைய எல்லாரும் ஆண்களே. பெண்ணின் துக்கத்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்கலாம், எந்த இடத்தில் காட்சியை வெட்டலாம், அவள் பேசும்போது யாருடைய முகத்தைக் காட்டலாம் என்பனவற்றை நிர்ணயிப்பது நெறியாளரின் அதிகாரம். அந்த அதிகாரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட சில பெண்மணிகளின் சரித்திரத்தை, நம் வன்னி மண்ணோடு அது வந்து சேரும் இடம் வரையில், இந்த அத்தியாயத்திலே சொல்லக் கருதுகிறேன்.

இந்தச் சரித்திரம் சினிமாவின் பிறப்போடேயே தொடங்குகிறது. பிரான்சிலே கோமோன் கம்பெனியில் காரியதரிசியாக இருந்த அலிஸ் கீ என்ற இளம்பெண் 1896 ஆம் ஆண்டிலேயே கதைப் படம் எடுத்தவர். பின்னர் அமெரிக்கா சென்று 1910 இல் சொந்தமாகவே ஒரு படக் கம்பெனியை நிறுவியவர். இத்தனை செய்தும், அவருடைய படங்கள் பல பிற்காலத்தில் வேறு ஆடவர்களின் பெயரிலே பதிவாகிவிட்டன. தம் சொந்தக் கைவேலையைத் தம்முடையது என்று ஸ்தாபிப்பதற்கு அவர் முதுமைக் காலத்திலே கடிதம் எழுதியும் பட்டியல் தயாரித்தும் பிரயத்தனப்பட வேண்டியிருந்தது. இந்தியாவில் பாத்மா பேகம் என்பவர் 1926 இல் மௌனப் படமொன்றை நெறியாள்கை செய்து அந்நாட்டின் முதலாவது பெண் நெறியாளரானார்.

தமிழிலே அந்தக் கௌரவம் தி. பி. ராஜலக்ஷ்மிக்கு உரியது. 1911 ஆம் ஆண்டு திருவையாற்றில் ஒரு பிராமணக் குடும்பத்திலே பிறந்து, பால்ய விவாகம் செய்விக்கப்பட்டு, அந்த விவாகம் நிலைக்காமற் போய், தந்தையையும் இழந்து, தாயோடு திருச்சிராப்பள்ளிக்கு வந்து, பெண்கள் மேடையேறுவதையே மானக்கேடு என்று எண்ணிய காலத்திலே நாடகக் கம்பெனியொன்றிற் சேர்ந்து நடித்து உயர்ந்தவர் அவர். 1931 ஒக்டோபர் 31 இல் வெளியான ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி அவரே. ஆகையால் தமிழ்ப் பேசும்படத்தின் முதற் கதாநாயகி என்று அவரை எல்லாரும் அறிவர். ஐந்து ஆண்டுகளின் பின், 1936 இல், ‘மிஸ் கமலா’ என்ற படத்துக்குக் கதையும் வசனமும் எழுதி, சொந்தமாகத் தயாரித்து, தாமே நெறிப்படுத்தி, தாமே பிரதான பாத்திரத்தையும் ஏற்றார் என்பதை அறிந்தோர் தொகை மிகக் குறைவு. அதுவன்றோ அவருடைய பெருஞ்சாதனை! நடிகையாக இருந்தபோது பிறர் எழுதிய சொல்லைப் பேசியவர், பெண்ணின் விவாகம் அவளுடைய சம்மதத்தைப் பொறுத்ததா என்ற கேள்வியை, அந்தக் கேள்வியினால் நேரே காயப்பட்ட ஒருவரின் உரிமையோடு திரையில் எழுப்பினார். அந்தப் படம் இன்று நமக்குப் பார்க்கக் கிடைப்பதில்லை. ஆதிகாலத் தமிழ்ப் படங்களின் பிரதிகள் பராமரிப்பின்றி அழிந்த பெருநஷ்டத்தில் அதுவும் சேர்ந்துவிட்டது. நடிகை ராஜலக்ஷ்மியின் புகைப்படங்கள் எஞ்சியிருக்க, நெறியாளர் ராஜலக்ஷ்மியின் கைத்திறன் மாத்திரம் அழிந்துபோனதை நினைக்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

அவருக்குப் பின் பி. பானுமதி 1953 இல் ‘சண்டிராணி’யைத் தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்ற மூன்று பாஷைகளிலும் நெறிப்படுத்தினார். சாவித்திரி 1968 இல் தெலுங்கிலும், மறு ஆண்டிலே ‘குழந்தை உள்ளம்’ மூலம் தமிழிலும் நெறியாள்கையில் இறங்கி, 1971 இல் ‘பிராப்த’த்தை எடுத்தார். புகழின் உச்சியில் நின்ற நடிகைகளுக்கே அந்த வாசல் சிறிது திறந்தது. நடிகையல்லாத ஒரு பெண் நேரே நெறியாளராக வரத் தமிழ்த் திரைக்கு இன்னும் பல்லாண்டுகள் தேவைப்பட்டன. இன்றைக்குச் சுதா கொங்கராவின் ‘சூரரைப் போற்று’வையும் ஹலிதா ஷமீமின் ‘சில்லுக் கருப்பட்டி’யையும் நம் கிளிநொச்சிப் பிள்ளைகள் கைத்தொலைபேசியிலே பார்த்து ரசிக்கிறார்கள். அவற்றை எடுத்தவர்கள் பெண்கள் என்பது அவர்களுக்கு ஆச்சரியமாக இல்லை. அதுவே ஒரு நல்ல மாற்றம்.

நம் தீவுக்கு வருவோம். இலங்கையின் முதலாவது பெண் திரைப்பட நெறியாளர் சுமித்ரா பீரிஸ். அவருடைய படங்கள் எவ்வளவு உன்னதமானவையோ அவ்வளவுக்கு அவை நம் வன்னித் தமிழரை வந்தடையவில்லை. பாஷை ஒரு தடை, யுத்தம் இன்னொரு தடை. ஆதலால் இங்கே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இடதுசாரி அரசியலில் பெயர்பெற்ற குணவர்தன குடும்பத்தில் பிறந்த சுமித்ரா, இளம் வயதில் ஐரோப்பா சென்று, பரிஸ் நகரிலே நெறியாளர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸைச் சந்தித்து, பின் லண்டனில் திரைப்படக் கல்லூரியொன்றிற் பயின்று திரும்பியவர். 1960 இல் வெளியான ‘சந்தேசய’வில் லெஸ்டரின் உதவி நெறியாளராகப் பணி செய்தார்; ‘கம்பெரலிய’வின் படத்தொகுப்பு அவர் செய்தது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலை ஆதாரமாகக் கொண்ட அந்தப் படம் 1965 இல் புதுடில்லி சர்வதேச விழாவிலே தங்க மயில் விருது பெற்றபோது உலகம் லெஸ்டரைக் கொண்டாடியது. அதன் நிதானமான நடையிலும், ஒரு பார்வைக்கும் அடுத்த பார்வைக்கும் இடையே விடப்பட்ட மௌனத்திலும் சுமித்ராவின் கத்தரிக்கோலுக்குப் பாதி உரிமை உண்டென்பது என் அபிப்பிராயம். படத்தொகுப்பு மேசையிலே பல ஆண்டுகள் இருந்தவருக்கு, எந்தக் காட்சி எவ்வளவு நேரம் உயிரோடிருக்கும் என்பது விரல் நுனியிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

1978 இல் அவர் முதன்முறையாகத் தம் பெயரிலே நெறியாள்கை செய்த ‘கெஹெனு லமய்’, கருணாசேன ஜயலத்தின் நாவலைத் தழுவியது. குசும் என்ற ஏழைப் பெண், வசதி படைத்த உறவினர் வீட்டு மகனான நிமலை நேசிக்கிறாள். அவனும் அவளை நேசிக்கிறான். இங்கே வில்லன் ஒருவனும் இல்லை. கண்ணீர்ப் பிரவாகமும் இல்லை. நிமலின் தாய் குசுமை அழைத்து விலகிவிடும்படி கேட்க, நன்றியிலும் கீழ்ப்படிவிலும் வளர்க்கப்பட்ட அந்தப் பெண் விலகுகிறாள். ஒரு பெண்ணின் வாழ்வை நாசமாக்குவதற்குக் கொடுமைக்காரர் எவரும் தேவையில்லை, நல்ல குணம் என்று அவளுக்குப் போதிக்கப்பட்டதே போதும் என்பதைச் சுமித்ரா ஒரு வார்த்தைகூட உரத்துச் சொல்லாமற் காட்டுகிறார். அந்த நாவலை ஆணொருவர் எழுதினார். குசுமின் முகத்திலே தங்கி நின்று அந்த மௌனத்துக்கு உரிய அவகாசத்தைக் கொடுத்தது பெண்ணொருவரின் தீர்மானம். ‘மிஸ் கமலா’வுக்கு நேர்ந்த கதி இந்தப் படத்துக்கு நேரவில்லை என்பது நம் பாக்கியம். பம்பாயைத் தளமாகக் கொண்ட பிலிம் ஹெரிடேஜ் பவுண்டேஷன் அதனைப் புதுப்பித்து, 2025 இல் கான் விழாவின் செவ்வியல் பிரிவிலே மீண்டும் திரையிட்டது. அந்தத் திரையீட்டைக் காணச் சுமித்ரா இல்லை. 2023 ஜனவரி 19 அன்று அவர் காலமாகியிருந்தார்.

வன்னி வாசகர் அவசியம் பார்க்க வேண்டியது, என் மதிப்பில், அவருடைய 1988 ஆம் ஆண்டுப் படமான ‘சாகர ஜலய மதி ஹண்டுவா ஒப ஹண்டா’. சைமன் நவகத்தேகமவின் சிறுகதையைத் தழுவிய அது, உலர் வலயக் கிராமமொன்றிலே கணவனை இழந்து சிறு மகனோடு தனித்து நிற்கும் ஓர் இளம்பெண்ணைப் பற்றியது. ஸ்வர்ணா மல்லவாராச்சி நடித்த ஹீன்கெல்லா என்ற அந்தப் பாத்திரம், ஊராரின் வம்புப் பேச்சுக்கும் உறவினரின் பகைமைக்கும் நடுவே, எவர் முன்னும் தலைகுனியாமல் வாயாடி நிற்கிறது, ஏசுகிறது, சண்டையிடுகிறது, பிள்ளையை வளர்க்கிறது. விதவை என்றால் வெள்ளைச் சேலையோடு சுவரோரம் சாய்ந்து கண்ணீர் வடிப்பவள் என்று காட்டியே பழகிய தென்னாசியத் திரையிலே இது எத்தகைய விடுதலை! அந்தப் படத்தில் வரும் வெடித்த குளத்துத் தரையையும், சேனைப் பயிரையும், காட்டோரத்துத் தனி வீட்டையும் காணும் துணுக்காய்க்காரரோ நெடுங்கேணிக்காரரோ தம் ஊரென்றே எண்ணுவர். நிலமும் வெயிலும் வறட்சியும் ஒன்றே. யுத்தத்தின் பின் கணவனின்றிக் குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் கிராமந்தோறும் வாழும் நம் பிரதேசத்திலே, அந்த ஹீன்கெல்லாவைத் தமிழ் உபதலைப்புகளோடு திரையிட்டால் எத்தனை பேர் தம்மை அவளிலே காண்பார்கள்! இதனை நம் பிரதேச சபைகளின் கலாசார உத்தியோகத்தர்களுக்கு ஒரு விண்ணப்பமாகவே இங்கு எழுதுகிறேன்.

இனி, கமராவோடு வன்னிக்குள்ளேயே வந்த பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்குமுன் ஒரு குறிப்பு. 2002 இல் மணிரத்னம் எடுத்த ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்திலே மாங்குளத்துப் பெண்ணொருத்தி வருகிறாள். பெற்ற மகளைப் பிரிந்து, போராட்டத்தையே வாழ்வாக்கிக்கொண்டவள். படம் இந்தியாவில் எடுக்கப்பட்டது. நம் மாங்குளத்துப் பாலை மரங்கள் அதில் இல்லை. அந்தப் பாத்திரத்தை ஏற்ற நந்திதா தாஸ், பின்பு 2008 இல் ‘பிராக்’ என்ற படத்தின் மூலம் தாமே நெறியாளராகி, குஜராத்தில் 2002 இல் நடந்த வன்செயலின் பின்னர் எஞ்சியோர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதைக் காட்டினார். வன்னித் தாயாக நடித்த அனுபவம் அவருடைய மனத்தில் ஏதேனும் விதைத்திருக்குமோ என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு.

சமாதான உடன்படிக்கைக் காலத்தில் ஏ9 வீதி திறந்திருந்தபோது, நோர்வேயைச் சேர்ந்த பெயாத்தே ஆர்னெஸ்ரட் என்ற பெண்மணி வன்னிக்கு வந்து, விடுதலைப் புலிகளின் கரும்புலித் தற்கொலைப்படைப் பயிற்சி பெற்ற இரு இளம்பெண்களின் அன்றாடத்தைப் படமாக்கினார். ‘என் மகள் பயங்கரவாதி’ என்று பொருள்படும் பெயரோடு 2007 இல் அந்த ஆவணப்படம் வெளிவந்தபோது, இலங்கை அரசாங்கம் அதனைக் கண்டித்தது. வேறு சிலரோ, இயக்கத்தின் அனுமதியோடு எடுக்கப்பட்ட படத்திலே உண்மை எவ்வளவு இருக்க முடியும் என்று வினவினர். அந்த வினா நியாயமானது. அந்த இளம்பெண்களின் பேச்சிலே பயிற்றப்பட்ட வாசகங்களின் இறுக்கம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அவர்களுள் ஒருத்தியின் தாய் பேசத் தொடங்கும்போது படத்தின் சுபாவமே மாறிவிடுகிறது. அவளுக்கு எவரும் எதையும் போதித்திருக்கவில்லை. மகளைப் பிரிந்த தாயின் பேச்சு மாத்திரமே அது. அரசியல் கேட்க வந்த ஒருவர் தாயையும் தேடிச் சென்று அமர்ந்து, அவள் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார் என்பதனாலேயே அந்தப் படம் ஒரு பிரசார விவகாரமாகச் சுருங்காமல் தப்பியது.

தமிழகத்திலிருந்து வந்தவர் லீனா மணிமேகலை. கவிஞரான அவர் ஒப்பாரி பாடுபவர், மீன்பிடிப்பவர், அநாதைச் சடலங்களை அடக்கம் செய்பவர் என்ற மூன்று பெண்களைப் பற்றிய ‘தேவதைகள்’ ஆவணப்படத்தினால் பெயர்பெற்றவர். தனுஷ்கோடி மீனவரையும், மன்னார்க் கடலைத் தாண்டி அங்கே கரையேறிய நம் அகதிகளையும் பற்றி எழுத்தாளர் ஷோபாசக்தியோடு சேர்ந்து எழுதி அவர் எடுத்த ‘செங்கடல்’, தணிக்கைக் குழுவினால் மறுக்கப்பட்டு, மேன்முறையீட்டின் பின் 2011 இலே அனுமதி பெற்றது. படகேறிய வன்னிக் குடும்பங்கள் எத்தனை! அவர்களுடைய பயணத்தின் மறுகரையைக் காட்டிய படம் அது. அதன் பின் அவர் இலங்கைக்கே வந்து, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரையும் மனைவியரையும் சந்தித்து, ‘வெள்ளை வேன் கதைகள்’ என்ற ஆவணப்படத்தை எடுத்தார். இராணுவக் கண்காணிப்பு ஊரெங்கும் இருந்த நாட்கள் அவை. வாய் திறப்பதற்கு அயலாரே அஞ்சிய சூழலில் அந்தப் பெண்கள் பெயரோடும் முகத்தோடும் கமராவின் முன் அமர்ந்தனர். சில ஆண்டுகள் கழித்து, 2017 பெப்ரவரி 20 அன்று, கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயில் முன்றலிலே காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது, தினந்தோறும் கமராக்கள் வந்தன; அழும் தாயின் முகத்தை எடுத்துக்கொண்டு சென்றன. ஒரு நிமிடச் செய்திக்கு அழுகை போதுமானது. ஆவணப்பட நெறியாளருக்கோ அந்தத் தாய் அழுதபின் என்ன சொல்கிறாள் என்பதே முக்கியம். அந்த வித்தியாசத்தை லீனாவின் படம் நன்கு உணர்த்துகிறது.

இத்தொடரின் நோக்கத்துக்கு மிக நெருங்கியவர் என்று நான் கருதுவது சுமதி சிவமோகனையே. யாழ்ப்பாணத்தவர், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர், 1989 செப்டெம்பர் 21 இல் கொலையுண்ட மருத்துவ விரிவுரையாளர் ராஜனி திராணகமவின் சகோதரி, நாடகாசிரியர், கவிஞர். இத்தனைக்கும் மேலாக, ஈழத்துத் தமிழ்ப் பெண்களுள் முழுநீளக் கதைப் படங்களைத் தொடர்ந்து எடுத்துவருபவர். 2013 இல் வெளிவந்த அவருடைய ‘இங்கிருந்து’, மலையகத் தமிழரைப் பற்றியது. குடியுரிமை பறிக்கப்பட்டது, கப்பலேற்றப்பட்டது, வன்செயலில் விரட்டப்பட்டது என்று அந்தச் சமூகம் அனுபவித்த வரலாறு அதன் பின்னணி.

மலையகப் படத்துக்கும் வன்னிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்போர் கிளிநொச்சியின் மலையாளபுரத்துக்கோ பாரதிபுரத்துக்கோ சென்று, அங்குள்ள முதியோரிடம் அவர்கள் பிறந்த ஊரை விசாரிக்கட்டும். 1977 இலும் அதற்குப் பின்னரும் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வந்த மக்கள் காடு வெட்டி, கிணறு தோண்டி உருவாக்கிய குடியேற்றங்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பல. அவர்களைக் குடியமர்த்துவதற்குக் கட்டடக் கலைஞர் எஸ். ஏ. டேவிட்டும் மருத்துவர் ராஜசுந்தரமும் காந்தியம் இயக்கத்தை நடத்தினர். 1983 ஏப்ரலிலே இருவரும் கைதாகினர். அவ்வாண்டு ஜூலை 27 இல் வெலிக்கடைச் சிறையிலே ராஜசுந்தரம் கொலையுண்டார். இந்த மக்களே பின்பு 2009 வரை நடந்த அத்தனை இடப்பெயர்வுகளையும் முதல் வரிசையில் நின்று அனுபவித்தனர்; தோட்டத்தில் காணியற்றிருந்தோர், வன்னியிலும் காணி உறுதிக்காகப் பல்லாண்டு அலைந்தனர். ‘வன்னி மக்கள்’ என்று பொதுவாக எழுதும் நாம், அவர்களுள் இத்தனை பெருந்தொகையினரின் முன்கதை தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கிறதென்பதை எழுதாமலே விட்டுவிடுகிறோம். யாழ்ப்பாணத்திற் பிறந்த ஒரு பெண் நெறியாளர் அந்த முன்கதையைத் தம் கடமையாக ஏற்றாரென்பது சாதாரண விஷயமன்று. வடபகுதித் தமிழர் மலையகத்தாரை நடத்திய விதத்தை அறிந்தோர்க்கு அதன் பெறுமதி விளங்கும்.

சுமதியின் ஆவணப்படமொன்றும் இதேபோல் நம் மனச்சாட்சியைத் தொடுவது. 1990 ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது முசலிப் பிரதேசத்துப் பாலைக்குழி மக்களும் சகலத்தையும் விட்டுச் சென்றனர். நெடுங்காலத்தின் பின் திரும்பி வந்தபோது, தம் வீட்டு நிலத்தைக் காடு மூடியிருக்கக் கண்டார்கள். அங்கே குடியேறுவதை வனத்தை அழிக்கும் செயலென்று தெற்கிலே சிலர் தூற்றினர். வில்லுக்குளங்களின் நடுவேயுள்ள அந்தக் கிராமத்தாரின் மீள்வருகையை ‘அமிட் த வில்லூஸ்’ என்ற பெயரிலே சுமதி பதிவு செய்தார். முசலியில் நடந்ததே முல்லைத்தீவின் தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் நடந்தது. அயலவர் வண்டியேறிப் போனதைக் கண்டு நின்ற தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே வாழ்கின்றன. திரும்பி வந்தவர்களும் அவர்களுக்குப் பக்கத்திலேயே வாழ்கிறார்கள். பாலைக்குழிப் படத்தை இந்த இரு ஊர்களுக்கும் பொதுவான ஒரு பாடசாலை மண்டபத்திலே திரையிட்டு, இரு சாராரும் ஒருங்கிருந்து பார்த்தால், முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசப்படாத சில காரியங்கள் பேசப்படலாம் என்று நான் நம்புகிறேன். யாழ்ப்பாணத்தில் 2015 முதல் சர்வதேச சினிமா விழாவை நடத்திவரும் அனோமா ராஜகருணா, தெற்கிலிருந்து வந்து அத்தகைய திரையீடுகளை நம் வடக்கிலே சாத்தியமாக்கிக் காட்டியவர். அவரும் ஒரு பெண் நெறியாளரே.

சுமதி சிவமோகனின் 2017 ஆம் ஆண்டுச் சிங்களப் படமாகிய ‘புத்து சஹ பியவரு’ தனியே ஆராயத்தக்கது. சிங்கள சினிமாவைக் கட்டி வளர்த்த தமிழ்க் கலைஞர்களின் பங்கையும், 1983 ஜூலை வன்செயலிலே அவர்களுக்கு நேர்ந்ததையும் அது பேசுகிறது. அந்த ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிந்ததையும், நெறியாளர் கே. வெங்கட் கொல்லப்பட்டதையும், அதன் பின் ஈழத்துத் தமிழ்த் திரை ஏறக்குறைய நின்றே போனதையும் அடுத்த அத்தியாயத்தில் விரிவாகக் காண்போம்.